ஒரே ஸ்ட்ரெப் கிருமி: சிலருக்கு இதயம், சிலருக்குச் சிறுநீரகம், ஏன்?

கேள்வி: ஜூன் 4, காலை

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம் காலையில் எழுந்தபோது கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் பழுப்பாகப் போனது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு வரும் சிறுநீரக அழற்சி என்றார்கள். என் தோழி ஒருத்திக்கு இதே கிருமியால்தான் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டது. ஒரே கிருமி என்றால் ஏன் ஆளுக்கு ஒரு விதம்? பெண்ணுக்கு இனி இதயத்துக்கும் ஆபத்தா? தொண்டை வலித்தபோதே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் எதுவுமே வந்திருக்காது என்று வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையா?

ஜூன் 4, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வீட்டில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். தொண்டை வலிக்கு மருந்து கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெருமளவு தடுக்கலாம், அதற்கு வலுவான சான்று இருக்கிறது. சிறுநீரக அழற்சிக்கு அப்படி ஒரு சான்று இதுவரை இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் இந்தச் சண்டை வருகிறது.

குழந்தைகளுக்கு வரும் இந்தச் சிறுநீரக அழற்சி பெரும்பாலும் முழுதாகவே குணமாகிவிடும். இப்போது கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது இரத்த அழுத்தத்தை. இது வந்ததாலேயே இதயத்துக்கும் வரும் என்று இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் வருவது மிக அரிது.

நான் டாக்டர் இல்லை. இருபது வருடமாக நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை, தொண்டைச் சளி மாதிரிகளைக் கிருமி வளர்க்கும் தட்டில் இழுப்பதுதான் பாதி நாள். என் அக்காவின் இதயத்தில் மைட்ரல் வால்வு இந்தக் கிருமியால் போனது. அதனால் இந்தப் பேச்சு எடுத்தால் எனக்கு நிறுத்த வராது. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

ஏன் ஆளுக்கு ஒரு விதம்? தட்டில் பார்த்தால் தெரியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

செம்மறி ஆட்டு ரத்தம் கலந்த ஏகார் தட்டு (ஏகார் என்பது கிருமி வளர்க்கும் ஜெல்லி), கருஞ்சிவப்பாக இருக்கும். குழந்தையின் தொண்டையில் தடவிய பஞ்சுக்குச்சியை அதில் இழுத்து ஒரு இரவு சூட்டில் வைப்போம். காலையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தெளிந்த வளையம். அங்கே ரத்த அணுக்கள் கரைந்துவிட்டன. தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வளையங்கள் வழியாக வெளிச்சம் வரும். அதைப் பார்த்ததுமே கை தானாகப் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய வில்லையை எடுக்கப் போய்விடும். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் விட்டால் அநேகமாக ஏ பிரிவு ஸ்ட்ரெப்.

இதற்கு மேல் தட்டு எதுவும் சொல்லாது. இதயத்தைத் தாக்கப்போகும் கிருமியும், சிறுநீரகத்தைத் தாக்கப்போகும் கிருமியும், மூன்று நாளில் தானாக ஓடிப்போகும் கிருமியும் ஒரே மாதிரிப் புள்ளிதான்.

வித்தியாசம் கிருமியின் மேல்தோலில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எம் புரதத்தில் இருக்கிறது. ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1933-இல் ஸ்ட்ரெப்களை ஏ, பி, சி என்று பிரித்தார். அதில் ஏ பிரிவை எம் புரதத்தை வைத்து எண்ணிட்டு வகைப்படுத்தியதும் அவர்தான். இப்போது மரபணுவைப் படித்து 200-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வகைக்கு உடம்பில் கிடைத்த எதிர்ப்பு இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு வருடம் தொண்டை வலி திரும்பத் திரும்ப வருகிறது.

5, 6, 18, 24 போன்ற வகைகள் பரவினால் ருமாட்டிக் காய்ச்சல் வரும், 12, 49, 55 போன்றவை பரவினால் சிறுநீரக அழற்சி வரும் என்று படித்திருக்கிறேன். ஆகவே எந்த வகை ஊருக்குள் வந்திருக்கிறது என்பது முதல் பதில், அது எந்த வழியாக உடம்புக்குள் போனது என்பது இரண்டாவது. தொண்டை வழியாகப் போனால் இதயம், தொண்டை அல்லது தோல் வழியாகப் போனால் சிறுநீரகம். தோல் புண்ணால் ருமாட்டிக் காய்ச்சல் வராது.

(ஜூன் 19-இல் சேர்த்தது: மேலே கடைசி வரியை இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. அந்தத் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.)

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

நாள் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன், அது முக்கியம். தொண்டைத் தொற்றுக்குப் பிறகு சிறுநீரக அழற்சி சுமார் 10 நாளில் வரும். தோல் புண்ணுக்குப் பிறகு என்றால் மூன்று வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும். ருமாட்டிக் காய்ச்சல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும். கை கால் தானாக ஆடும் கொரியா மட்டும் ஆறு மாதம் கழித்துக்கூட வரலாம்.

அதாவது நோய் தெரியும்போது கிருமி போயிருக்கும். தொண்டையில் தேடினால் பல சமயம் கிடைக்காது. வீட்டாருக்கும் அந்தத் தொண்டை வலி ஞாபகம் இருக்காது.

ஜூன் 7

பென்சிலின் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கும் என்பது எப்படித் தெரியும் என்று கீழே கேட்டிருக்கிறீர்கள்.

இடம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், வாரன் ராணுவத் தளம். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களைப் பெரிய கூடங்களில் வரிசைக் கட்டில்களில் தங்கவைத்தார்கள். குளிர் மாதங்களில் ஸ்ட்ரெப் தொண்டை வலி அலை அலையாக வந்தது, பின்னாலேயே ருமாட்டிக் காய்ச்சலும். சார்லஸ் ராமல்கேம்ப் தலைமையில் ஒரு குழு அங்கேயே ஆய்வகம் அமைத்தது. தொண்டையில் சீழ் படிந்து வந்தவர்களில் 798 பேருக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், 804 பேருக்குக் கொடுக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது, பெறாதவர்களில் 17 பேருக்கு. 1950-இல் வெளியான முடிவு இது. நாலு வருடத்தில் அந்த ஆய்வகத்துக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

அதே குழு இன்னொன்றையும் காட்டியது: தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள் கழித்து மருந்து தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சல் பெருமளவு தடுக்கப்படுகிறது. ஒன்பது நாள்! ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, தட்டில் வளர்த்துப் பார்த்துவிட்டே மருந்து கொடுக்கலாம். நான் செய்யும் வேலைக்கே இந்த ஒன்பது நாள்தான் அடிப்படை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் ஆய்வு நடந்தபோது பென்சிலின் இதைத் தடுக்குமா என்று யாருக்கும் தெரியாது, அதனால் மருந்து கொடுக்காத ஒரு பிரிவு தேவைப்பட்டது. ஆனால் தெரிந்த பிறகும் அங்கே நடந்த சில ஆய்வுகளில் மருந்து தரப்படாத பிரிவு இருந்தது. அந்தப் பையன்களில் சிலர் கெட்ட வால்வோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்துக்கு அவர்கள் உடம்புதான் சாட்சி. எனக்கு இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் தொண்டை வலி வரும் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வால்வு கெடுமா என்று பயந்து கேட்டிருக்கிறார். இல்லை. என் தவறு, விளக்கியிருக்க வேண்டும்.

அந்த நூற்றுக்கு மூன்று என்பது ராணுவக் கூடத்துக் கணக்கு. நெருக்கமான படுக்கை, வீரியமான வகைகள், சீழோடு கூடிய கடுமையான தொண்டை. 1961-இல் சிகாகோவில் சாதாரணமாகச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளைப் பார்த்த ஆய்வில் அது ஆயிரத்துக்கு மூன்று அளவுக்குத்தான் இருந்தது. பத்து மடங்கு வித்தியாசம். அதோடு தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஸ்ட்ரெப்பே கிடையாது. மூக்கு ஒழுகி, இருமலும் இருந்தால் அநேகமாக வைரஸ்தான்.

இன்னொரு சிக்கல்: நோயே இல்லாத பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தாலும் பத்தில் ஒருவர் தொண்டையில் இந்தக் கிருமி சும்மா உட்கார்ந்திருக்கும். என் தட்டில் வளையம் தெரிந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். இந்த வலிக்குக் காரணம் அதுதான் என்று தட்டால் சொல்ல முடியாது.

ஜூன் 8, இரவு

போர்வைக் கதை எழுதியே ஆக வேண்டும். வாரன் தளத்துக் குழுவுக்கு, கிருமி எப்படித் தாவுகிறது என்று பார்க்க ஆசை. நோயாளிகள் போர்த்தி ஸ்ட்ரெப் நிறைந்திருந்த போர்வைகளை அப்படியே எடுத்துப் புதிதாக வந்தவர்களுக்குப் போர்த்தக் கொடுத்தார்கள். போர்வையில் உயிருள்ள கிருமி இருந்தது, தூசியிலும் இருந்தது. ஆனால் அதைப் போர்த்தியவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. மாறாக, கிருமி சுமப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்கு வந்தது. கட்டில் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைந்தது.

காய்ந்துபோன கிருமி உயிரோடு இருந்தாலும் தொற்றுவதில்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு, அருகிலிருந்து வருகிறது. கட்டில்களுக்கு நடுவே எத்தனை அடி என்பது இந்த நோயில் மருந்துக்குச் சமமான விஷயம். அக்காவும் நானும் ஒரே பாயில் படுத்தவர்கள். அந்த வாரம் எனக்கும் தொண்டை வலித்திருக்கலாம், ஞாபகமில்லை.

ஜூன் 12

இன்று ஒரு ஆறு வயதுப் பையனின் சிறுநீர் வந்தது. புகை படிந்த மாதிரிப் பழுப்பு. மையவிலக்கில் சுற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருளையாக, செங்கல் நிறத்தில் நின்றன. சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் வார்த்தெடுத்த அச்சு அது. இதைப் பார்த்தால் ரத்தம் சிறுநீர்ப்பையிலிருந்து வரவில்லை, வடிகட்டியிலிருந்தே கசிகிறது என்று தெரியும். படிவத்தில் 'இரு கால்களிலும் புண், ஒரு மாதம்' என்று எழுதியிருந்தார்கள். தொண்டையைப் பற்றி ஒன்றுமில்லை.

சரி, தோல் கதைக்கு வருகிறேன்.

1953-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரெட் லேக் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் குழந்தைகளிடையே சிறுநீரக அழற்சி பரவியது. கிருமி எம் 49. அதே இடத்தில் 1966-இல் அதே வகை திரும்ப வந்தது. பெரும்பாலும் தோல் புண் வழியாக. நடுவில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வகைக்கு எதிர்ப்பு இல்லை, அவர்கள் எண்ணிக்கை கூடியதும் கிருமிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டிரினிடாட் தீவில் தியோ பூன்-கிங் என்ற மருத்துவர் 1960-களிலிருந்து இதையே பின்தொடர்ந்தார். சில வருடத்துக்கு ஒருமுறை அலை வரும், ஒவ்வொரு அலைக்கும் வகை மாறும். அந்தத் தீவில் ருமாட்டிக் காய்ச்சலும் இருந்தது, சிறுநீரக அழற்சியும் இருந்தது. ஒரே மக்கள், ஒரே மருத்துவமனை, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு ஸ்ட்ரெப் வகைகள். கேள்வி கேட்டவருக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

டிரினிடாட்டில் இன்னொன்றும் கவனித்தார்கள்: சொறி பரவும்போது இதுவும் ஏறுகிறது. சொறிப்பூச்சி தோலில் குடைகிறது, குழந்தை சொறிகிறது, கீறலில் ஸ்ட்ரெப் ஏறுகிறது, மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்குகிறது. அப்படியென்றால் பூச்சியை ஒழித்தால் சிறுநீரகம் பிழைக்குமா? சாலமன் தீவுகளில் சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சொறி 25 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. தோல் புண் பாதியானது. குழந்தைகளின் சிறுநீரில் ரத்தம் தென்படுவதும் குறைந்தது. இந்த முடிவு 2005-இல் வந்தது. பூச்சிக்குக் கொடுத்த மாத்திரை சிறுநீர்ச் சோதனையில் தெரிகிறது! பிறகு பிஜியில் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள், சொறியும் சீழ்ப்புண்ணும் அங்கேயும் சரிந்தன.

ஜூன் 13

ஒரு குழந்தைக்குப் பென்சிலின் கொடுத்துச் சிறுநீரக அழற்சியைத் தடுக்க முடியாது என்றால், பிறகு எதற்குக் கொடுக்கிறார்கள்? நல்ல கேள்வி. மிச்சமிருக்கும் கிருமி பக்கத்துக் குழந்தைக்குப் போகாமல் இருக்க. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஒரு குடியிருப்பில் இந்த அழற்சி பரவத் தொடங்கினால், தோல் புண் உள்ள குழந்தைகளையெல்லாம் தேடிப் போய் ஊசி போடுகிறார்கள். தனி ஆளுக்கு நிரூபணம் இல்லாத மருந்து, கூட்டத்துக்குப் பயன்படுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே வெகுநாள் ஆனது.

ஜூன் 19

ஜூன் 5-இல் தோல் புண்ணால் ருமாட்டிக் காய்ச்சல் வராது என்று எழுதினேன். பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். இந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வடக்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களிடம் ருமாட்டிக் காய்ச்சல் உலகத்திலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப் தொண்டை வலி அவ்வளவாகக் காணப்படவில்லை, தோல் புண்தான் எங்கும் இருக்கிறது. தொண்டையிலிருந்து இதயத்துக்குப் போகும் சங்கிலியில் ஒரு கண்ணி இடறுகிறது என்று 2004-லேயே அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பிறகு நியூசிலாந்தில் ஆய்வகப் பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்ததில், தோல் மாதிரியில் ஏ பிரிவு ஸ்ட்ரெப் கிடைத்தவர்களுக்கும் அடுத்த சில வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வரும் வாய்ப்பு கூடியிருந்தது.

வகைக் கணக்கும் அங்கே உடைகிறது. இதய வகை, சிறுநீரக வகை என்ற பட்டியல் பெரும்பாலும் வட அமெரிக்காவில் எடுத்தது. வடக்கு ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் அந்தப் பட்டியலில் இல்லாத வகைகளோடும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. ஆகவே டிரினிடாட் பற்றி நான் எழுதியது டிரினிடாட்டுக்குச் சரி, எல்லா இடத்துக்கும் சட்டம் கிடையாது.

இது வெறும் வாதம் இல்லை. தோலும் காரணம் என்றால், பள்ளிகளில் தொண்டையை மட்டும் சோதிக்கும் திட்டம் பாதிக் கதவைத்தான் அடைக்கிறது.

ஜூன் 20

ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடம்பு செய்யும் ஓர் எதிர்ப்புப் பொருளின் அளவு) சாதாரணமாக இருந்தது, அப்புறம் எப்படி ஸ்ட்ரெப் என்கிறார்கள் என்று கேட்டவருக்கு: தோல் தொற்றில் ஏ.எஸ்.ஓ. சரியாக ஏறாது. அதே மாதிரி இன்னொரு எதிர்ப்புப் பொருளான ஆன்டி டிஎன்ஏஸ் பி ஏறும். சிறுநீரக அழற்சி என்றால் ரத்தத்தில் சி 3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் (உடம்பின் எதிர்ப்பு வேலையில் செலவாவது) இறங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஏறிவிட வேண்டும். அதற்கு மேலும் இறங்கியே இருந்தால் வேறு சிறுநீரக நோயா என்று தேடுவார்கள். உங்கள் அண்ணன் மகளுக்குத் திரும்ப எடுக்கச் சொல்லும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஜூன் 27

எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணுவது பற்றி.

2005-இல் வந்த ஒரு பெரிய கணக்கு: உலகில் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்பவர்கள் குறைந்தது 1.56 கோடி. வருடத்துக்குப் புதிதாக ஸ்ட்ரெப் சிறுநீரக அழற்சி 4.7 லட்சம், அதில் இறப்பு சுமார் 5,000. பத்து வருடம் கழித்து இன்னொரு கணக்கு, ருமாட்டிக் இதய நோயாளிகள் 3.34 கோடி, 2015-இல் மட்டும் இறப்பு 3.19 லட்சம் என்றது. பத்து வருடத்தில் நோய் இரட்டிப்பாகிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. தேடும் முறை மாறியது, கணக்கிடும் முறையும் மாறியது.

கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2007-இல் வந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதில் கம்போடியாவில் ஆயிரத்துக்கு 2 பேர் போல, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்ததில் ஆயிரத்துக்கு 21 பேர். மொசாம்பிக்கில் 2 பேர் 30 ஆனார்கள். அதே குழந்தைகள்தான். காதுக்குக் கேட்காத கசிவு திரையில் தெரிந்தது.

இந்த எண்களின் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறது. சிறுநீரக அழற்சி கண்ணுக்குத் தெரியும்: முகம் வீங்கும், சிறுநீர் நிறம் மாறும், தாய் பயந்து தூக்கிக்கொண்டு வருவாள். ருமாட்டிக் காய்ச்சல் மூட்டில் வந்து நாலு நாளில் வேறு மூட்டுக்குப் போய், தானாகவே சரியாகிவிடும். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று பழைய பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சொன்னது. நக்கியது தெரியும், கடித்தது இருபது வருடம் கழித்துத் தெரியும். எண்ணுகிறவர்களுக்கு எந்த முனையில் நின்று எண்ணுவது?

ஜூன் 27, இரவு

அக்காவைப் பற்றி.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. வலது முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வற்றி இடது கணுக்கால், பிறகு முழங்கை. வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் என்று ஒரு இடத்தில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையில் வலி ஒரே நாளில் போய்விட்டது, எல்லோருக்கும் நிம்மதி. இந்த மூட்டுவலி ஆஸ்பிரினுக்கு அப்படித்தான் சட்டென்று அடங்கும் என்பதும், அதுவே ஒரு அடையாளம் என்பதும் பின்னால் நான் படித்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு அவள் தொண்டை வலியோடு பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அவள் போகாவிட்டால் நானும் போக மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன், அடி வாங்கினேன்.

இருபத்து நாலு வயதில் முதல் குழந்தை வயிற்றில் ஏழாவது மாதம். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும்போது அந்தச் சிறிய வாயால் தாங்க முடியவில்லை. பெண்களுக்கு இந்த நோய் அதிகமாகத் தெரிவதும், பலருக்குக் கர்ப்பத்தில்தான் முதன்முதலில் தெரிவதும் பரவலாகக் காணும் விஷயம். எங்களுக்கு அது விஷயமாக இல்லை, வீட்டில் இரவு விளக்கு அணையாத இரண்டு மாதம். பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். அவளும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

ஜூலை 3

பென்சிலின் வந்ததால்தான் பணக்கார நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் ஒழிந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. டென்மார்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பதிவு இருக்கிறது. பென்சிலின் வருவதற்கு வெகுகாலம் முன்பே கோடு இறங்கத் தொடங்கிவிட்டது. வீடு பெரிதானது, ஒரு அறையில் படுப்பவர்கள் குறைந்தார்கள் என்பதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் போர்வைக் கதையைத் திரும்பப் படியுங்கள், பொருந்தும்.

ஆனால் அதோடும் முடியவில்லை. 1985-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பகுதியில் ருமாட்டிக் காய்ச்சல் திடீரென்று திரும்ப வந்தது. ஒன்றரை வருடத்தில் 74 குழந்தைகள். பெரும்பாலும் வசதியான, மருத்துவம் எளிதில் கிடைக்கிற குடும்பங்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத்தான் முன்னால் தொண்டை வலி வந்ததாக ஞாபகம் இருந்தது. தட்டில் பிசுபிசுவென்று வளரும் எம் 18 வகை அப்போது பரவிக்கொண்டிருந்தது. வீடும் மருந்தும் இருந்தாலும் கிருமியின் வகை மாறினால் கணக்கு மாறுகிறது.

ஜூலை 4

அப்புறம், ஏ பிரிவு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். சிறுநீரகத்துக்கு மற்றதும் உண்டு. பிரேசிலின் நோவா செரானாவில் 1997-98-இல் சிறுநீரக அழற்சி பெரிதாகப் பரவியது. கிருமி சி பிரிவைச் சேர்ந்தது, கால்நடைகளிடம் இருப்பது. காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி வழியாக வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரியவர்கள் அதிகம். சிலர் இறந்தார்கள், சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது, பல வருடம் கழித்தும் பலருக்குச் சிறுநீரக வேலை முழுதாகத் திரும்பவில்லை.

இதனால் ஜூன் 4 குறிப்பை இன்னும் சரியாகச் சொல்கிறேன்: குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குணமாகும், பெரியவர்களுக்கு அந்த நம்பிக்கையை அதே அளவு கொடுக்க முடியாது. வடக்கு ஆஸ்திரேலியாவில், சிறுவயதில் இது வந்துபோனவர்களுக்குப் பெரியவர்களானதும் சிறுநீரில் புரதம் கசிவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. டிரினிடாட்டில் பன்னிரண்டு முதல் பதினேழு வருடம் பின்தொடர்ந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜூலை 11

1812-இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர், இதே ஸ்ட்ரெப்பால் வரும் செங்காய்ச்சலுக்குப் பின் தோன்றும் உடல் வீக்கத்தைப் பற்றி எழுதினார், சிறுநீரில் ரத்தம் இருப்பதையும் குறித்தார். அதே வருடம் அவரே வாதக் காய்ச்சல், அதாவது ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தைத் தாக்குவதைப் பற்றியும் எழுதினார். ஒரே கிருமியின் இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்தன. இந்தக் கிருமி இருப்பதே யாருக்கும் தெரியாத காலம். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி, யாரும் கேட்காமலே எழுதிவிட்டேன்.

ஜூலை 18

இன்று அக்காவுக்கு ஊசி நாள். பென்சத்தீன் பென்சிலின், நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

இரண்டு நோய்க்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். சிறுநீரக அழற்சி திரும்ப வருவது அரிது, அதனால் வருடக்கணக்கில் ஊசி தேவையில்லை. ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தால் அடுத்த ஸ்ட்ரெப் தொற்றில் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். அதனால் கிருமியே ஏறாமல் வருடக்கணக்காக உடம்பில் கொஞ்சம் பென்சிலின் வைத்திருக்க வேண்டும். நல்லவேளை, இத்தனை வருடத்தில் இந்தக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை.

ஊசி மருந்து கெட்டியாக இருக்கும், பால் மாதிரி. சின்ன ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால் தடித்த ஊசி. மெதுவாக ஏற்ற வேண்டும். முதலில் பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குவாள் நர்ஸ். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு நாள் ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். பிள்ளைகள் ஏன் ஊசியை விட்டுவிடுகிறார்கள் என்று கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

ஆனால் வேலை செய்கிறது. உகாண்டாவில் எக்கோவில் மட்டும் தெரிந்த ஆரம்பநிலை வால்வுக் கோளாறு உள்ள 800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு வருடம் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் கோளாறு முற்றியது, போடாதவர்களில் எட்டுப் பேருக்கு. அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் யாராவது எக்கோ எடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 29

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பெண்ணுக்கு சி 3 சாதாரண அளவுக்கு வந்துவிட்டது, அழுத்தமும் சரி, மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், அதற்காகக் கலங்குகிறார். அது சில மாதம் நீடிப்பது உண்டு, ஒரு வருடம்கூட ஆகலாம். புரதம் கசியாமல், அழுத்தம் ஏறாமல் இருந்தால் காத்திருந்து பார்ப்பார்கள்.

அவளுடைய தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே புண் இருந்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். காட்டுங்கள், சொறி இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கேளுங்கள், பையனின் சிறுநீரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வீட்டுக் குழந்தைகளிடம் வீக்கமே இல்லாமல் சிறுநீரில் மட்டும் ரத்தம் இருப்பது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. காலையில் முதல் சிறுநீராகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதில்தான் அந்த உருளைகள் நன்றாகத் தெரியும்.